வளவுக்குள் ஓடியவன்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஜும்ஆ நடக்காத முதல் வெள்ளி. மாலை ஆறு மணியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு என்று வானொலியில் சொன்ன நேரம் நான் கிணற்றடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை கடல் மணலைக் கழுவிக் காய வைக்காவிட்டால் அடிப்பாகம் கழன்றுவிடும். கழுவி மதிலில் கவிழ்த்து வைத்தேன். திங்கட்கிழமை காலை ஊரடங்கை எடுத்துவிடுவார்கள் என்றார்கள்.  எடுத்தார்கள், சில மணித்தியாலங்களில் திரும்பவும் போட்டார்கள். சப்பாத்து மதிலிலேயே கிடந்தது.

நான் பெரிய ஓட்டக்காரன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமிடம் வந்தேன். ஓடியவர்கள் நாலு பேர். அதற்குப் பிறகு நியமனம், கல்யாணம், மோட்டார் சைக்கிள். பத்துப் பன்னிரண்டு வருடம் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். 2012இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருடம் மௌத்தானார். 2015இல் வேறு ஏதோ காரணத்துக்காக நான் இரத்தம் சோதித்தபோது வெறும் வயிற்றில் 118 காட்டியது. 100க்குக் கீழே இருந்தால் சுகதேகி, 126ஐத் தொட்டால் நோயாளி. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். "மாஸ்டர், வேலை செய்யிற தசை இன்சுலின் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்காது. இரத்தத்தில இருக்கிற சீனியத் தானே இழுத்தெடுக்கும். ஓடுங்க" என்றார் வைத்தியர். அன்று தொடங்கிய ஓட்டம். வாப்பாவின் கால்தான் என்னைத் துரத்தியது என்று சொன்னால் அது பொய்யல்ல.

என் பாதை எப்போதும் ஒன்றுதான். சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் ஒழுங்கையால் கடற்கரைக்கு இறங்குவேன். தோணிகள் கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் வடக்கே திரும்பி, கரைவலை இழுப்பவர்களைத் தாண்டி, மையவாடி மதில்வரை போய்த் திரும்புவேன். 2004 சுனாமி தள்ளிய மதிலை மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்த மதிலோரம் ஒரு நிமிடம் நின்று உள்ளே இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்வேன். அவர்களில் ஒருவர் வாப்பா. மோட்டார் சைக்கிளின் மீற்றரில் பார்த்தபோது போகவர ஆறு கிலோமீற்றர். வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா கேட்கும் முதற் கேள்வி, "வாப்பாக்கு ஸலாம் சொன்னியா மகன்?" என்பதுதான். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பாவின் கபுறை உம்மா ஒரு நாளும் கண்டதில்லை. என் வாயால்தான் அவர் அங்கே போய் வந்தார்.

அதுதான் நின்று போனது.

முதல் வாரம் நான் மனிதனாக இருக்கவில்லை. சுபஹை வீட்டில் தொழுதுவிட்டு விறாந்தையில் இருந்தால் கால் இரண்டும் தன்பாட்டில் ஆடும். பாடசாலை மார்ச் 13 முதலே மூடியிருந்தது. கடப்படிக்குப் போய் ஒழுங்கையைப் பார்ப்பேன். ஒரு நாய் நடுத்தெருவில் மல்லாந்து கிடக்கும். பிள்ளைகளில் எரிந்து விழுந்தேன். கறியில் உப்புக் கூட என்றேன், குறைவு என்றேன். பாணும் சோறும் உள்ளே போய்க்கொண்டிருந்தன, ஓட்டம் மட்டும் இல்லை. 118 என்ற இலக்கம் இரவில் கண்ணுக்குள் நின்றது. ஊரில் சிலர் பொலிசுக்கு ஒளித்துக் கடற்கரையில் நடந்தார்கள். எனக்கு அது சரிவராது. உம்மாவுக்கு முட்டு வருத்தம் இருபது வருடமாக. வெளியிலிருந்து நான் எதையாவது கொண்டுவந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்தான்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மேசன் நாடாவை எடுத்து வளவை அளந்தேன்.  நடுவில் வீடு, பின்னால் தனியாகக் குசினி, கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, கோழிக்கூடு. வேலியோரமாகச் சுற்றி வந்தால் 63 மீற்றர். எண்பது சுற்றுக்கு ஐந்து கிலோமீற்றரும் சொச்சமும். ஒரு சுற்றுக்கு நாலு முடக்கு. எண்பது சுற்றுக்கு முந்நூற்றிருபது தடவை உடம்பைத் திருப்ப வேண்டும்.

ஓடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வீட்டைக் கட்டியவன் நானாக இருந்தும் வளவு எனக்குப் புதிது என்று. முருங்கை வேர் எங்கே நிலத்துக்கு மேலே கிளம்புகிறது என்று தெரியாது. முதல் நாளே பெருவிரல் நகம் போனது. உடுப்புக் காயப்போடும் கொடி சரியாக என் கழுத்து உயரத்தில் இருந்தது. கோழிகள் என்னை நரியென்று எண்ணி ஒரு வாரம் முட்டையிடவில்லை. அடுத்த வளவுப் பையன், ஆறாம் வகுப்பு, என்னிடம் கணிதம் படிப்பவன், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சேர், ஒங்கள ஆரு தொரத்துற?" என்று கேட்டான். "நீ இறங்கு. 63 மீற்றர் சுற்றில 5 கிலோமீற்றர் ஓட எத்தனை சுற்று வேணும்?" என்றேன். சற்று நேரத்தில், "79 சுத்தும் மிச்சம் 23 மீற்றரும் சேர்" என்று சத்தம் வந்தது. நான் எண்பதுக்கு ஓடியதைச் சரியாகக் கணக்குப் பார்த்தான். அந்த ஊரடங்கில் நான் எடுத்த முதற் பாடம் அது.

ஒரே பக்கமாகச் சுற்றினால் உட்காலில் பாரம் விழும். நாலாம் நாள் இடது முழங்கால் நோவெடுத்தது. மைதானத்தில் ஓடுபவர்கள் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். கஃபாவைத் தவாஃப் செய்வதும் அப்படித்தான். நான் பாதியில் திசையை மாற்றிய நேரம் விறாந்தையில் இருந்த உம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "அப்பிடிச் சுத்தாத மகன், இப்பிடிச் சுத்து" என்று கையால் காட்டினார். மதாஃப் ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்த படத்தை அவர் அந்த மாதம்தான் தொலைக்காட்சியில் கண்டிருந்தார். அதற்குப் பிறகு வட்டம் என்றாலே அவருக்கு ஒரே நினைப்பு.

சுற்றை எண்ணுவது பெரிய பாடு. முப்பதுக்கு மேல் போனால் முப்பத்துநாலா முப்பத்தைந்தா என்று குழம்பும். உம்மா தஸ்பீஹும் கையுமாக விறாந்தைக் கதிரையில் இருந்தார். எனக்காகத்தான் எண்ணுகிறார் என்று நம்பி ஓடினேன். களைத்துப்போய், "எத்தன உம்மா?" என்றேன்.

"எது?"

"நான் ஓடின சுத்து."

"அதையா எண்ணச் சொன்ன நீ? நான் ஸுப்ஹானல்லாஹ் எண்ணிட்டிருக்கன்."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "நீ ஒரு சுத்து வா, நான் ஒண்டு ஓதுறன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு." உம்மாவின் தஸ்பீஹில் 99 மணி. 99 சுற்று என்றால் 6 கிலோமீற்றர் 237 மீற்றர். வெளியில் நான் ஓடிய தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. அன்றிலிருந்து என் ஓட்டம் ஒரு தஸ்பீஹ். கடைசிச் சுற்றில் கிழக்கு மூலையில் நின்று கடலின் பக்கம் முகத்தைத் திருப்பி வாப்பாவுக்கு ஸலாம் சொல்வேன். அங்கிருந்து மையவாடி தெரியாது. ஆனாலும் உம்மா அதன் பிறகுதான் கதிரையை விட்டு எழும்புவார்.

அந்த நாட்களில் கைபேசியில் உலகத்து ஓட்டக்காரர்களின் செய்திகளைத் தேடித் தேடி வாசித்தேன். பிரான்சில் ஒருவர் ஏழு மீற்றர் நீளமான தன் வீட்டு மாடி முகப்பில் முன்னும் பின்னும் ஓடி 42 கிலோமீற்றர் மரதனை முடித்திருந்தார். இங்கிலாந்தில் கப்டன் டொம் மூர், நூறு வயதை எட்டப்போகிறவர், 25 மீற்றர் தோட்டப் பாதையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை நடந்து சுகாதார சேவைக்கு மூன்று கோடிப் பவுணுக்கு மேல் சேர்த்தார். ஒலிம்பிக்கே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போனது. 1897இல் தொடங்கிய பொஸ்டன் மரதன் முதல் தடவையாகக் கைவிடப்பட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது. பிரெஞ்சுக்காரரின் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "அந்தாள்ற பொஞ்சாதி அன்டைக்கு உடுப்பெல்லாம் எங்க காயப் போட்டாவாம்?"

நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. என் கழுத்தில் பட்ட கொடியை நான் ஓடத் தொடங்கிய மறுநாளே அவள் அவிழ்த்து, குசினிக்குப் பின்னால் வெயில் குறைந்த இடத்தில் கட்டியிருந்தாள். அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

கட்டாரில் இருக்கும் மச்சான் தந்த கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருந்தது. காலடியை எண்ணும். 99 சுற்று ஓடிய ஒரு நாளில் என் கணக்கு இரவு வரைக்கும் 8,900. பெருமையாக அவளிடம் காட்டினேன். "நாளைக்கு என்ட கையில கட்டுங்க பாப்பம்" என்றாள். கட்டினாள். சுபஹுக்கு முன் எழும்பியவள் இரவு பத்தரைக்குக் கழற்றித் தந்தாள். 11,400. அதில் ஓடிய அடி ஒன்றுகூட இல்லை. கிணற்றிலிருந்து குசினி, குசினியிலிருந்து விறாந்தை, விறாந்தையிலிருந்து உம்மாவின் அறை, அறையிலிருந்து கோழிக்கூடு. கடப்பைத் தாண்டவே இல்லை. பதினேழு வருடமாக இந்த ஓட்டத்தை அவள் ஓடியிருக்கிறாள். யாரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒங்கள ஆரு தொரத்துற என்று கேட்டதில்லை.

அன்றிரவு ஊரடங்கு இன்னும் எத்தனை நாளோ என்று நான் அலுத்துக்கொண்டேன். உம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமும் பத்து நாளும் ஒரு அறைக்குள்ள இருந்தன் நான். ஒனக்கு இன்னும் ஒரு மாசம் போகல்ல" என்றார்.

2013இல் வாப்பா மௌத்தாகி உம்மா இத்தா இருந்த நாட்கள். நான் அந்தக் காலம் முழுவதும் அதே வீட்டில்தான் இருந்தேன். பாடசாலைக்குப் போனேன், கந்தூரிக்குப் போனேன், கடற்கரையில் காற்று வாங்கினேன். அந்த அறைக்குள் பகல் எப்படிக் கழிந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டேன். "சன்னல்ல வெயில் எந்தக் கம்பியில நிக்கிதெண்டு பாப்பன். அஸருக்கு அஞ்சாம் கம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சுற்றும்போது அந்தச் சன்னலைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் என் கண் கம்பியில் போனது.

ஏப்ரல் 25 நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல் கஞ்சி இல்லை. தராவீஹ் வீட்டு விறாந்தையில். நான் முன்னால் நிற்க, பின்னால் மகன், அதற்குப் பின்னால் உம்மாவும் மனைவியும் மகளும். ஓட்டத்தை மஃரிபுக்கு முந்திய அரை மணித்தியாலத்துக்கு மாற்றிக்கொண்டேன். நாக்கு வறண்டு நிற்கும்போது முப்பத்துமூன்று சுற்றுக்கு மேல் முடியாது. பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்க நிறுத்திவிட்டுத் தண்ணீர் அள்ளினேன், தேங்காய் துருவினேன். அதைப் பெரிய காரியமாகச் சொல்ல வரவில்லை. பதினேழு வருடத்தில் முதல் நோன்பு, நான் துருவியது. மே 24 பெருநாள் தொழுகையும் அந்த விறாந்தையில்தான்.

ஜூலையில் பாடசாலை படிப்படியாகத் திறந்தது. மூன்று மாதம் கடற்கரையில் ஓடினேன். ஒக்டோபரில் நோய் திரும்ப வந்தது. நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவைத் தனிமைப்படுத்தினார்கள். எங்கள் பக்கமும் அடங்கியது. நான் மீண்டும் வளவுக்குள். இந்தத் தடவை மாரிகாலம். சுற்றுப்பாதை வாய்க்காலாகி நின்றது. வெறுங்காலுடன் சேற்றை மிதித்து ஓடினேன்.

அப்போது ஊரின் பயம் வேறு. மார்ச் கடைசியிலேயே நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் மையித்து எரிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 11 வர்த்தமானி கொவிட்டில் இறப்பவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனை எரித்தார்கள். அதன் பிறகு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் கபன் சீலைத் துண்டுகளைக் கட்டினார்கள். நாடெங்கும் வீட்டு வாசல்களில் கட்டினார்கள். என் மனைவியும் எங்கள் கடப்பில் ஒரு முழத் துண்டைக் கட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டினேன். மழையில் நனைந்து தொங்கும். நாலு நாளில் பழுப்பேறிவிட்டது. அவள் அவிழ்த்துத் துவைத்துத் திரும்பக் கட்டினாள்.

டிசம்பர் நடுப்பகுதி கழிந்த ஓர் இரவு, இரண்டு மணிபோல, உம்மாவுக்கு முட்டு எழும்பியது. பம் அடித்தும் அடங்கவில்லை. நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது. 1990க்கு அழைப்பெடுக்கக் கைபேசியைத் தூக்கினேன். உம்மா என் கையைப் பிடித்தார்.

"ஆசுபத்திரி வேணாம் வாப்பா. அங்க போனா அந்த வருத்தமெண்டு எழுதிருவாங்க. நான் வாப்பாக்குக் கிட்டப் போகணும்."

ஆறு கிலோமீற்றர் ஓடுகிறவன் நான். அந்தக் கட்டிலுக்கும் கடப்புக்கும் இடையில் இருபது அடி கூட இல்லை. என்னால் நகர முடியவில்லை. கொண்டுபோனால் அவர் பயந்தது நடக்கலாம். வைத்திருந்தால் விடியுமுன் மூச்சு நின்றுவிடலாம். மனைவிதான் அவருடைய காதுக்குள் குனிந்து, "மாமி, ஒங்கள நாங்க குடுக்க மாட்டம்" என்றாள். அதை எந்தத் துணிவில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது பெற்ற தாய் தந்தையரைக் கொடுக்காமல் வைத்திருக்க யாருக்கு அதிகாரம் இருந்தது? நானும் அதையே திருப்பிச் சொன்னேன். உம்மா என் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையை அசைத்தார்.

ஆசுபத்திரியின் அவசர வாசலுக்கு உள்ளே என்னை விடவில்லை. சக்கரக் கதிரையில் ஏற்றும்போது உம்மா தஸ்பீஹை என் கையில் திணித்தார். மூச்சுக்கு நடுவில், "எண்ணிட்டிரு, வந்திர்ரன்" என்றார்.

வெளியே மதிலோரம் நீளமான கொங்கிறீற்றுப் பாதை. ஒரு முனையில் மின்விளக்கு, மறுமுனையில் வேப்பமரம். நடந்தேன். போய் வர ஒரு மணி. என்ன ஓதினேன் என்று நினைவில்லை. சில தடவை ஸுப்ஹானல்லாஹ், சில தடவை வெறும் இலக்கம். 41 என்று ஓதியதாகவும் ஞாபகம். ஓடவேண்டும்போல் இருந்தது. அந்த நேரத்தில் ஓடினால் காவலாளி என்ன நினைப்பான் என்று நடந்தேன். தஸ்பீஹ் ஒரு முழுச் சுற்று முடிந்து அடுத்ததில் இருபதோ முப்பதோ வரும்போது ஒரு தாதி வாசலுக்கு வந்து, துரித அன்டிஜன் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றும், புகை பிடிப்பித்ததில் மூச்சு இறங்கிவிட்டது என்றும் சிங்களத்தில் சொன்னார். அவருடைய பெயரைக் கேட்காமல் விட்டது இன்றும் மனதில் கிடக்கிறது. மறுநாள் அஸருக்கு உம்மா வீட்டில் இருந்தார். சன்னலில் வெயில் அஞ்சாம் கம்பியில் நின்றதா என்று பார்த்தேன். மாரிகாலம், வெயிலே இல்லை.

எங்களுக்கு அல்லாஹ் லேசாக்கினான். எத்தனையோ வீடுகளுக்கு அப்படி நடக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினார்கள், பிற சமயத்தவர்களையும். அவரவர் ஊர் மையவாடியில் அடக்க 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. உம்மாவுக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். "எரிஞ்சவங்களுக்குக் கேக்குமா?" என்றார்.

இப்போது நான் பழையபடி கடற்கரையில் ஓடுகிறேன். சீனி 104இல் நிற்கிறது. வளவில் என் கால்பட்டு உறைந்த பாதையில் புல் மூடிவிட்டது. கொடி மட்டும் முந்திய இடத்துக்கு, வெயில் உள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அதை அவிழ்த்துக் கட்டியது நான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஓடுவதில்லை. அன்று சுபஹுக்குப் பிறகு மனைவியும் அவளுடைய ராத்தாவும் அடுத்த வளவுப் பையனின் தாயும் கடற்கரையில் நடக்கப் போகிறார்கள். தொடக்கத்தில் ஊரில் ஒன்றிரண்டு பேர் ஏதோ சொன்னார்கள். இப்போது அவர்களுடைய வீட்டுக்காரிகளும் போகிறார்கள். நான் குசினியில் தேங்காய் துருவி ரொட்டி சுடுகிறேன். உம்மா விறாந்தையில் இருந்து, கருகிய மணம் வந்தால் மட்டும் குரல் கொடுப்பார்.

முதல் வெள்ளி அவள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் உப்புக் காற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"இவ்வளவு காத்தையும் இத்தன வருசமா நீங்க தனியாவா குடிச்ச?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீயை ஊற்றிக் கொடுத்தேன்.